பொருத்து வேலையில் மனிதப் பிழையும் உற்பத்தித்திறனும்: யாழ்ப்பாணத்து வேலைத்தலங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆடை தைக்கும் கூடங்கள், மின்பகிர்வுப் பலகை பூட்டும் கடைகள், தளபாட வேலைத்தலங்கள், கண்ணாடியிழைப் படகு கட்டும் கொட்டில்கள் எனப் பல இடங்களில், பாகங்களை ஒன்றுசேர்த்து ஒரு பொருளாக்கும் வேலை நடக்கிறது. அவற்றை நடத்துவோரும், மேற்பார்வை செய்வோரும், நாள் முழுவதும் அங்கே நின்று வேலை செய்வோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். எல்லா விடைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே நிலைப்பாடுதான்: பிழைகளில் பெரும்பகுதி வேலை அமைக்கப்பட்ட விதத்திலிருந்து பிறக்கிறது, ஆகவே ஆளைப் பிடிப்பதற்கு முன்னர் அந்த அமைப்பைப் பார்க்க வேண்டும்.

எங்கள் இடத்தில் நடக்கும் எல்லாப் பிழைகளும் கவனக்குறைவுதானே? அவற்றை வகை பிரிப்பதால் என்ன பயன்?

பயன் பெரியது, ஏனென்றால் ஒவ்வொரு வகைக்கும் மருந்து வேறு. பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் வகுத்த முறை இன்றுவரை தொழிற்சாலைகளில் கைகொடுக்கிறது. முதலாவது கைதவறல்: சரியானதையே செய்ய நினைத்த ஒருவர், நீலக் கம்பியை எடுக்கப் போய் அதன் பக்கத்திலிருந்த கறுப்புக் கம்பியை எடுத்துவிடுகிறார். இரண்டாவது மறதி: எட்டுப் படிகளில் ஆறாவது விடுபட்டுப் போகிறது. மூன்றாவது தவறான முடிவு: செய்தவர் தாம் செய்தது சரியென்றே நம்புகிறார், அவருக்குக் கிடைத்த அறிவுறுத்தலோ அவருடைய விளக்கமோ பிழையாக இருந்திருக்கிறது. நான்காவது விதிமீறல்: விதி தெரிந்திருந்தும், நேரம் போதாமலோ எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதாலோ, ஒருவர் அதனைத் தாண்டிச் செல்கிறார்.

கைதவறலுக்கும் மறதிக்கும் பயிற்சி வகுப்பு நடத்தி ஆவது ஒன்றுமில்லை. அந்தப் பிழைகளை விடுபவர்களுக்கு வேலை நன்றாகத் தெரியும். அங்கே மாற்ற வேண்டியது பாகங்கள் அடுக்கப்பட்ட விதமும் படிகளின் ஒழுங்கும். தவறான முடிவுக்கு விளக்கமும் மாதிரிப் பொருளும் தேவை. விதிமீறலுக்கோ, அந்த விதியைக் கடைப்பிடித்துக்கொண்டு இலக்கை அடைய முடியுமா என்று மேலாளர் தாமே அந்த இடத்தில் நின்று செய்து பார்க்க வேண்டும். "கவனமாக வேலை செய்" என்ற ஒரே வாக்கியத்தை நான்குக்கும் சொல்லும் இடங்களில் பிழைகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகின்றன.

இருபது வருட அனுபவம் உள்ளவர்கூட ஏன் பிழை விடுகிறார்?

அனுபவம் சில பிழைகளைக் குறைக்கிறது. வேறு சிலவற்றைக் கூட்டவும் செய்கிறது. கை பழகிவிட்ட வேலையை மனம் கூர்ந்து கவனிப்பதில்லை. அதனால்தான் ஒருவர் பேசிக்கொண்டே தைக்கிறார், பாட்டுக் கேட்டுக்கொண்டே ஆணி முடுக்குகிறார். இடையில் யாராவது கூப்பிட்டால், திரும்பி வரும் கை ஒரு படியைத் தாண்டிப் போய்த் தொடங்கிவிடும். புதியவர் தயங்கித் தயங்கிச் செய்வதால் இந்த வகைப் பிழை அவரிடம் குறைவு.

பூட்டுவது கழற்றுவதைவிட ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதை ரீசன் ஓர் எளிய உதாரணத்தால் காட்டினார். ஒரு போல்ட்டில் எட்டு நட்டுகள் வரிசையாக ஏற்றப்பட்டிருக்கின்றன என்று வையுங்கள். அவற்றைக் கழற்ற ஒரே ஒரு வழிதான் உண்டு. மீண்டும் ஏற்றும்போது அவை ஏறக்கூடிய ஒழுங்குகள் 40,320. அவற்றில் சரியானது ஒன்று. ஒன்றை ஏற்றாமலே விட்டுவிடுவதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பிழை போவதற்கு இத்தனை வழிகள் திறந்து கிடக்கும் வேலையில், மனித நினைவை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. சக ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. அவரும் உயிர் தப்பினார். அந்தக் கண்ணாடியை முதல் நாள் விடிகாலையில் பூட்டியவர் அனுபவம் மிக்க பராமரிப்பு மேலாளர். 90 போல்ட்டுகளில் 84 வேண்டிய விட்டத்தைவிடச் சிறியவை. வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அவர் பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில், கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்திருந்தார். செய்தவரும் சரிபார்த்தவரும் ஒருவரே.

அவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. ஆள் பற்றாக்குறையான இரவில் வேலையைத் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர் அவர். ஒரே தோற்றமுள்ள பாகங்கள், போதாத வெளிச்சம், விடிகாலை நேரம், தனி ஆள் வேலை ஆகிய நான்கும் ஒன்றாகச் சேர்ந்தன. நமது வேலைத்தலங்களில் இந்த நான்கில் எத்தனை இன்றைக்கு இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

ஒவ்வொருவரும் நூற்றுக்கு 99 சரியாகச் செய்தால் அது நல்ல தரம்தானே?

ஒருவரின் வேலையாகப் பார்த்தால் நல்லதுதான். இருபது பேரின் கை மாறி வரும் பொருளுக்கு அது போதாது. இருபது படிகளில் ஒவ்வொன்றும் 99 சதவீதம் சரியாக நடந்தால், எந்தக் குறையும் இல்லாமல் கடைசிவரை வந்து சேர்வது ஏறத்தாழ 82 சதவீதம் மட்டுமே. நாற்பது படிகள் என்றால் 67 சதவீதம். ஒவ்வொரு படியும் 99.9 சதவீதம் சரியானால் இருபது படிகளின் பின்னர் 98 சதவீதம் கிடைக்கும். ஆகவே படிகளைக் குறைப்பதே தரத்தை உயர்த்தும் வழிகளில் ஒன்று. மூன்று வகைத் திருகாணிகள் வேண்டிய இடத்தில் ஒரே வகை போதுமென்று வடிவமைப்பை மாற்றினால், மாறி எடுக்கும் பிழையே அங்கு இல்லாமல் போய்விடும்.

வேகத்தைக் கூட்டினால்தானே உற்பத்தித்திறன் கூடும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் மணிக்கு 100 துண்டுகள் முடிக்கிறார். அவற்றில் 8 பிழை. இன்னொருவர் 90 முடிக்கிறார், 1 பிழை. ஒரு பிழையைப் பிரித்துத் திருத்த 5 நிமிடம் தேவை என்று கொள்வோம். முதலாமவருடைய 100 துண்டுகளுக்கு உண்மையில் செலவானது 100 நிமிடம்; அதாவது மணிக்கு 60 நல்ல துண்டுகள். இரண்டாமவருடைய 90 துண்டுகளுக்கு 65 நிமிடம், மணிக்கு 83. இந்தக் கணக்குப் பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், திருத்தும் வேலையை வேறொருவர் செய்வதும், அந்த நேரம் வேறொரு கொப்பியில் எழுதப்படுவதும்தான். முதலாமவருக்குக் கெட்டிக்காரர் என்ற பெயரும் கிடைத்துவிடுகிறது.

வேகத்துக்கு மனிதர் கொடுக்கும் விலையையும் மறக்கக் கூடாது. 1913 இல் ஹென்றி போர்ட்டின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்து வரிசை வந்தபோது, ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டும் நேரம் ஏறத்தாழ பன்னிரண்டரை மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலமாகக் குறைந்தது. அதே ஆண்டில் அங்கே தொழிலாளர் விலகிச் செல்லும் வீதம் 370 சதவீதமாக இருந்தது. ஆட்களை நிறுத்தி வைக்க 1914 ஜனவரியில் நாட்கூலியை 5 டொலராக உயர்த்த வேண்டியும் வந்தது. பழகிய கைகள் போய்க்கொண்டே இருக்கும் வரிசையில் பிழை குறையாது.

வரிசையில் ஓரிடத்தில் மட்டும் வேலை தேங்குகிறது. மற்றவர்களை வேகப்படுத்தினால் சரிவருமா?

சரிவராது. ஒரு நாளில் உண்மையாக வேலை நடக்கும் நேரம் 450 நிமிடம், தேவை 300 பொருட்கள் என்றால், ஒவ்வொரு 90 செக்கனுக்கும் ஒரு பொருள் வெளியே வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் 110 செக்கன் எடுக்குமானால், மற்றவர்கள் எவ்வளவு விரைந்தாலும் நாளின் முடிவில் 245 தான் வரும். மீதி உழைப்பு அந்த இடத்துக்கு முன்னால் குவியலாகக் கிடக்கும்.

குவியலால் வரும் கேடு பணம் முடங்குவதோடு நிற்பதில்லை. மூன்றாம் படியில் அளவு பிசகியிருந்தால், அறுபது துண்டுகள் கட்டிய கட்டு நகர்ந்து பத்தாம் படிக்குப் போய்ச் சேரும்போதுதான் அது தெரியவருகிறது; அதற்குள் அறுபதும் அதே பிழையோடு முடிந்திருக்கும். கட்டைப் பத்தாகச் சிறிதாக்கினால் பத்தோடு பிடிபடும். தேங்கும் இடத்தில் இருப்பவரை அவசரப்படுத்துவதும் வேண்டாம். அவருடைய வேலையில் 25 செக்கனுக்கு உரிய பகுதியைக் கழற்றி, கை ஓய்வாக இருக்கும் பக்கத்து இடத்துக்குக் கொடுங்கள்.

கடைசியில் ஒரு நல்ல பரிசோதகரை இருத்திவிட்டால் போதாதா?

இரண்டாம் உலகப் போரின்போது, ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீரர்கள் நேரம் செல்லச் செல்ல ஏன் அடையாளங்களைத் தவறவிடுகிறார்கள் என்பதை ஆராய்ந்த நோர்மன் மக்வேர்த், கடிகார முள் ஒன்று எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளுவதைக் கவனிக்கும்படி ஆட்களை இருத்தினார். 1948 இல் வெளியான அவருடைய முடிவின்படி, முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் குறையத் தொடங்கியது. கண்ணால் பார்க்கும் பரிசோதனைக்கு இது அப்படியே பொருந்தும். குறைகள் அரிதாக வரும்போது அவற்றைத் தவறவிடுவதும் கூடும். ஆயிரத்தில் ஒன்றைத் தேடும் கண் "ஒன்றும் இல்லை" என்பதற்கே பழகிவிடுகிறது.

பரிசோதகர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரை அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நல்ல வெளிச்சம் கொடுங்கள், குறையுள்ள மாதிரிகளைக் கண் முன்னே தொங்கவிடுங்கள். இரண்டாவது பரிசோதகரைச் சேர்ப்பதால் மட்டும் தரம் இரட்டிப்பாகாது. "அவர் பார்த்திருப்பார்" என்று இருவரும் நம்பிவிடும் ஆபத்து அதில் உண்டு.

அப்படியானால் பிழையை எங்கே, எப்படித் தடுப்பது?

அது பிறக்கும் இடத்திலேயே. இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 1961 இல் ஜப்பானின் யமடா எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் பொறியியலாளர் ஷிகியோ ஷிங்கோ செய்த சிறு மாற்றத்தைத்தான். அங்கே இரண்டு பொத்தான்கள் கொண்ட ஓர் ஆளியைப் பூட்டினார்கள்; ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் ஒரு சிறிய விற்சுருள் வைக்க வேண்டும். சில வேளைகளில் ஒன்று விடுபட்டுப் போகும், வாங்கியவரிடமிருந்து முறைப்பாடு வரும், தொழிலாளருக்கு ஏச்சு விழும், கொஞ்ச நாள் சரியாக நடக்கும், பிறகு பழையபடியே. ஷிங்கோ ஒரு சிறு தட்டை வைத்தார். வேலையைத் தொடங்கும் முன்னர் பெட்டியிலிருந்து இரண்டு விற்சுருள்களை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். பூட்டி முடிந்த பின்னர் தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால், உள்ளே ஒன்று இல்லை என்று உடனே தெரிந்துவிடும். ஏச்சால் ஆகாததை ஒரு தட்டு செய்து முடித்தது.

இந்த முறைக்குப் பெரிய முதல் தேவையில்லை. சட்டைக்கு ஏழு பொத்தான் தைக்க வேண்டுமானால், ஏழு குழிகள் உள்ள பலகையில் பொத்தான்களை வைத்துக்கொண்டு தொடங்கலாம். இடதும் வலதும் ஒரே மாதிரித் தோன்றும் பாகத்தின் ஒரு மூலையை வெட்டிவிட்டால், மாறிப் பொருத்தவே முடியாது. துளையிடும் இடத்தை ஒவ்வொரு முறையும் அளந்து குறிப்பதற்குப் பதிலாக, ஓர் அச்சுத் தகட்டை வைத்துத் துளைக்கலாம். மின்பலகையில் முடுக்கிய ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் ஒரு மைக்கோடு இட்டால், கோடு இல்லாத ஆணி முடுக்கப்படாத ஆணி. கம்பிகளை நிறத்தால் மட்டும் பிரிக்க வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், அவர்களில் பலருக்கு அது தெரியாமலே இருக்கும். எண் பொறித்த வளையம் ஒன்று போடுங்கள்.

ரொயோட்டாவின் வரிசைகளில் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். குறித்த இடத்துக்குள் சிக்கல் தீராவிட்டால் வரிசை நின்றுவிடும். நமது சிறிய கூடங்களில் கயிறு வேண்டியதில்லை, கையை உயர்த்தினாலே போதும். ஆனால் கையை உயர்த்தியவருக்கு முகச்சுளிப்புப் பரிசாகக் கிடைத்தால் அடுத்த முறை அந்தக் கை உயராது.

எங்கள் வெக்கையும் மின்வெட்டும் பிழையைக் கூட்டுமா?

கட்டாயம் கூட்டும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் மத்தியானத்துக்குப் பிந்திய இரண்டு மணித்தியாலங்கள்தான் நாளிலேயே மோசமானவை; வியர்த்த கையில் சிறு பாகங்கள் வழுக்கும், உண்ட களையும் சேரும். நுணுக்கமான படிகளைக் காலைக்கு மாற்றுவது செலவில்லாத திருத்தம். கூரைக்கு வெள்ளை பூசுவதும், உயரத்தில் காற்றுப் போக்கி வைப்பதும், குடிநீரை ஆளுக்கு அருகில் வைப்பதும் மின்விசிறிக்கு முன்னர் செய்ய வேண்டியவை. கண்ணாடியிழைப் படகு வேலையில் வெப்பம் நேரடியாகவே கணக்கை மாற்றுகிறது: பிசினுக்குப் பொதுவாக நிறையில் 1 முதல் 2 சதவீதம் வரை, அதனை இறுகச் செய்யும் திரவம் சேர்ப்பார்கள், வெக்கை நாளில் அதே அளவு விரைவாக இறுகிவிடும், அவசரத்தில் காற்றுக் குமிழிகளை உருட்டி வெளியேற்றாமல் விட்டுவிடுவார்கள். சிறிய அளவாகக் கலந்து கொள்வதே அதற்கு வழி.

வெளிச்சத்துக்கு ஐரோப்பிய நியமம் தையலுக்கு 750 லக்ஸ் என்கிறது. கையடக்கத் தொலைபேசியில் உள்ள செயலியால் அண்ணளவாக அளந்து பார்க்கலாம். பல இடங்களில் அதன் பாதிகூட இருக்காது. வேலை இடத்தின் வெளிச்சம், காற்றோட்டம், இயந்திரப் பாதுகாப்பு ஆகியவை 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழும் வருபவை.

மின்வெட்டு வேறு விதத்தில் கெடுக்கிறது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றது. இப்போது அந்த நிலை இல்லாவிட்டாலும், பாதியில் நிற்கும் வேலை எப்போதும் மறதியின் வாசல். விமானப் பராமரிப்பில் ஒரு பழக்கம் உண்டு: வேலை இடையில் நின்றால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் மூன்று படி பின்னால் போய்ச் சரிபார்த்துக்கொண்டு தொடங்க வேண்டும். நின்ற பொருளில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். அந்தத் துணி அவிழாமல் அது அடுத்த இடத்துக்குப் போகக் கூடாது.

நாங்கள் இல்லாததை வைத்துச் சமாளித்துப் பழகியவர்கள். அது பலம்தானே?

பெரும் பலம். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டும் வாழ்ந்த ஊர் இது. பழுது பார்க்கும் வேலையில் அந்தக் கைவண்ணத்துக்கு இணையில்லை, அதனை நான் மனமார மதிக்கிறேன்.

ஆனால் பழுது பார்ப்பது ஒரு பொருளோடு முடிவது. பொருத்து வேலை ஒரே பொருளை முந்நூறு தடவை ஒரே மாதிரிச் செய்வது. 6 மில்லிமீற்றர் ஆணி முடிந்துவிட்டதென்று கிடைத்த 5 மில்லிமீற்றரை இறுக்கி முடுக்கும் சமாளிப்பு, அன்றைக்கு வேலையை நிற்கவிடாமல் காப்பாற்றும். மூன்று மாதம் கழித்து வாங்கியவர் வீட்டில் கழன்று விழும். மேலே சொன்ன விமானக் கண்ணாடியும் இப்படிச் சற்றுச் சிறிய போல்ட்டுகளால்தான் பிய்ந்து போனது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றுபோனதோடு, பெரிய ஆலையின் ஒழுங்கில் வளர்ந்த மேற்பார்வையாளர் தலைமுறையின் தொடர்ச்சியும் இங்கே அறுந்தது. பலர் புலம்பெயர்ந்தார்கள். ஆகவே இந்த ஒழுங்கை நாம் புதிதாகவே கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. மாற்றுப் பாகம் போடலாம், ஆனால் யார் அனுமதித்தார், எந்தப் பொருட்களில் போட்டார்கள் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிழை விட்டவரின் சம்பளத்தில் கழித்தால் திருந்துவாரா?

பிழையை மறைக்கப் பழகுவார். குறையுள்ள துண்டு கட்டின் நடுவில் செருகப்படும். உடைந்த பாகம் குப்பைக்குள் போகும். உங்கள் கொப்பியில் பிழை குறைந்ததாகத் தெரியும், முறைப்பாடு மட்டும் கூடும். சட்டமும் இதற்கு இடம் கொடுப்பதாக நினைக்க வேண்டாம்: 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தொழில்களில், அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதையும் முதலாளி தன் விருப்பப்படி கழிக்க முடியாது.

வேண்டுமென்றே மீண்டும் மீண்டும் விதியை மீறுபவரைக் கண்டிக்கத்தான் வேண்டும். அதற்கு முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள்: அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், அதே இலக்கோடு, நல்ல பெயரெடுத்த இன்னொருவரை இருத்திப் பாருங்கள். அவரும் அதே பிழையை விட்டால், தண்டனைக்கு உரியது அந்த இடத்தின் அமைப்பு.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஏன் பிழை கூடுகிறது?

இருபத்தைந்து நாள் திருவிழாவில் பலர் விரதம் இருப்பார்கள், விடிய எழுந்து கோவிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வருவார்கள், தேருக்கும் தீர்த்தத்துக்கும் விடுப்பு எடுப்பார்கள். அவர்களுடைய பக்தியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை, முன்கூட்டியே நன்றாகத் தெரிந்த ஒரு காலத்துக்கு ஆயத்தம் செய்யாமல், அன்றன்றைக்குக் கிடைத்தவரைக் காலியான இடத்தில் இருத்துவதில்தான் இருக்கிறது. 1936 இல் விமானத் தயாரிப்பை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியியலாளர் தியடோர் ரைட், மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான உழைப்பு நேரம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைவதைக் காட்டினார். புதிதாக இருத்தப்படுபவர் அந்தப் பாதையின் தொடக்கத்தில் நிற்கிறார். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பேருக்காவது வேலை தெரியுமா என்று ஓர் அட்டவணையைச் சுவரில் ஒட்டி, ஆனியிலேயே மாறி மாறிப் பழக்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்களின் இலக்கையும் குறைத்து வையுங்கள்.

மேலதிக நேரம் வேலை செய்வித்தால்?

ஓரிரு நாள் தாங்கும். 17 மணித்தியாலம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவருடையதற்கு ஒப்பாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. விடிய நான்கு மணிக்கு எழுந்து வீட்டு வேலை முடித்து வரும் ஒரு தாய்க்கு, இரவு ஒன்பது மணி என்பது அந்தப் பதினேழாவது மணித்தியாலம்.

நாளைக்கே தொடங்குவதென்றால் எதில் தொடங்குவது?

ஒரு கொப்பியில். தேசிய உற்பத்தித்திறன் செயலகம் பரப்பிய 5எஸ் முறை, அதாவது வேலையிடத்தை ஒழுங்குபடுத்தும் ஜப்பானிய முறை, இங்கே பலருக்குத் தெரியும். ஆனால் அது பெயர்ப்பலகை ஒட்டுவதோடும் கூட்டித் துடைப்பதோடும் நின்றுவிடுகிறது. அதனைப் பாகங்களை மாறி எடுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடாகச் செய்தால்தான் பலன் தரும். எதை மாற்றுவது என்பதைக் கொப்பி சொல்லும்: எந்தப் படி, என்ன பிழை, எத்தனை மணிக்கு, அப்போது அங்கே என்ன வித்தியாசமாக இருந்தது. ஆளின் பெயருக்குப் பத்தி வேண்டாம். இரண்டு கிழமை எழுதினால், பிழைகளில் பெரும்பங்கு இரண்டு மூன்று படிகளில் குவிந்திருப்பது தெரியவரும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, அதனைச் செய்பவரையே முதலில் கேளுங்கள். தட்டோ, அச்சுத் தகடோ, விளக்கோ, எது வேண்டுமென்று அவருக்குப் பெரும்பாலும் ஏற்கனவே தெரிந்திருக்கும். மாற்றிய பின்னரும் எழுதுவதை நிறுத்த வேண்டாம். அந்தப் படியில் பிழை குறையவில்லையென்றால் மாற்றத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை முயலுங்கள். குறைந்தால், அடுத்த படிக்குப் போகலாம்.